அவர் வேண்டுமென்றே செய்யவில்லை

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்காரருக்குப் பார்க்கின்சன்ஸ் என்று டாக்டர் சொல்லிச் சில வருஷம் ஆகிறது. நோயைப் பற்றி நிறையக் கேட்டிருந்தீர்கள். ஆனால் கடிதத்தின் நடுவில், பேனா அழுந்திப் பின்பக்கம்வரை பதிந்திருந்த இடத்தில் இருந்தது ஒரே கேள்விதான். காலை ஒன்பது மணிக்கு வாசல்வரை தானாக நடந்துபோய்ப் பேப்பரை எடுத்துவருகிற மனிதர், பதினொன்றரைக்குக் குளிக்கக் கூப்பிட்டால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. சம்பந்தி வீட்டார் வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து பேசுகிறார். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் மறுபடியும் மரக்கட்டை. இதெல்லாம் என்னை வாட்டுவதற்காக வேண்டுமென்றே செய்வதுதானே என்று கேட்கிறீர்கள்.

இல்லை. நான் டாக்டர் இல்லை. மருத்துவ விஷயங்களைப் படித்து எழுதுகிறவன். என் பெரியப்பாவை இந்த நோயோடு கடைசிவரை வீட்டில் வைத்துப் பார்த்த குடும்பத்துக்காரன். மாத்திரையின் அளவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லமாட்டேன், அது உங்கள் நரம்பு டாக்டரின் பொறுப்பு. உங்கள் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். ஒரே வீட்டில் முப்பது, நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களை இந்த நோய் பிரிப்பது பெரும்பாலும் அந்தக் கேள்வி வழியாகத்தான்.

நாம் செய்கிற காரியங்களில் பெரும்பாலானவற்றை நாம் நினைத்துச் செய்வதில்லை. நடக்கும்போது கை வீசுவதை யார் நினைத்து வீசுகிறார்கள்? கண் இமைப்பது, ஊறும் எச்சிலை விழுங்குவது, தூக்கத்தில் புரண்டு படுப்பது, கேட்கிற கதைக்கு ஏற்ப முகம் மாறுவது, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சமையலறைப் பக்கம் பார்த்துப் பேசுவது எல்லாம் அப்படித்தான். இவற்றை நடத்திக்கொடுக்கும் நரம்புத் திரள்கள் மூளையின் உட்பகுதியில் இருக்கின்றன. டோபமைன் என்ற பொருள் இல்லாமல் அவற்றுக்கு வேலை ஓடாது. நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் உள்ள செல்கள்தான் அந்த டோபமைனை அனுப்புகின்றன. அந்தச் செல்கள் ஒவ்வொன்றாக அழிவதுதான் பார்க்கின்சன்ஸ். ஒருவருக்கு நோய் என்று கண்டுபிடிக்கும் நேரத்தில் பாதியளவோ அதற்கு மேலோ அழிந்திருக்கும்.

ஆகவே அவரிடமிருந்து முதலில் போனது தானாக நடக்கும் காரியங்கள். மனதை வைத்து, ஒவ்வொரு அசைவாக நினைத்துச் செய்யும் வழி இன்னும் பெருமளவு மிச்சமிருக்கிறது. வேண்டுமென்றே செய்கிறார் என்று நீங்கள் குறைப்படுகிறீர்கள். வேண்டுமென்றே செய்தால்தான் அவரால் எதையும் செய்யமுடியும் என்ற நிலையில் அவர் இருக்கிறார். ஒரு சட்டை போடுவதற்குள் அவர் ஏன் களைத்துப்போகிறார் என்று இப்போது புரியும்.

நெதர்லாந்தில் 58 வயதுக்காரர் ஒருவரின் கதை 2010-ல் மருத்துவ இதழில் வெளிவந்தது. பத்து வருஷமாகப் பார்க்கின்சன்ஸ். நாலு அடி நடப்பதற்குள் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும், பிடிக்க ஆள் இல்லாவிட்டால் விழுவார். அவரைச் சைக்கிளில் ஏற்றிவிட்டார்கள். பெடலை மிதித்து, நேராகப் போய், வட்டமடித்துத் திரும்பி வந்தார். இறங்கியதும் கால் மறுபடியும் ஒட்டிக்கொண்டது. இதைப் பார்க்கிற எந்த மனைவிக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். சைக்கிள் விடத் தெம்பிருக்கிற மனுஷனுக்கு நடக்கத் தெம்பில்லையா? தெம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு பெடல் மேலே வரும்போதே அடுத்த காலுக்குச் சொல்லிவிடுகிறது என்பது மருத்துவர்களின் ஊகம். தரை அப்படி எதுவும் சொல்வதில்லை.

சமதளத்தில் தடுமாறுகிறவர் மாடிப்படியில் ஒழுங்காக ஏறுவதும் இதனால்தான். ஒவ்வொரு படியும் கண்ணுக்கு ஒரு குறி. நிலைப்படியில், குளியலறை வாசலில், இரண்டு பீரோவுக்கு நடுவே உள்ள இடுக்கில் கால் உறைந்துபோகும். அப்போது பின்னாலிருந்து தள்ளாதீர்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள், 'நடங்க, நடங்க' என்று சத்தம் போடாதீர்கள். மூன்றும் விழவைக்கும். அவரை நின்று மூச்சுவிடச் சொல்லுங்கள். அவர் பாதத்துக்கு முன்னால் உங்கள் பாதத்தைக் குறுக்கே வைத்து, இதைத் தாண்டுங்கள் என்று சொல்லுங்கள். அல்லது 'ஒண்ணு, ரெண்டு' என்று தாளமாக எண்ணுங்கள். பெரியப்பா வீட்டில் குளியலறை வாசலுக்கு முன்னால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு கோடாகத் தரையில் வண்ண டேப் ஒட்டியிருந்தோம். பார்க்க அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே அவர் நிற்காமல் நடந்தார். திரும்பும்போது நின்ற இடத்திலேயே திருகித் திரும்பாமல், பிரகாரம் சுற்றுவது போல அகலமாகச் சுற்றித் திரும்பட்டும். நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். கையில் டம்ளரைக் கொடுத்து நடக்கச் சொல்லாதீர்கள். நினைத்து நடக்கிறவருக்கு இரண்டாவது வேலை கொடுத்தால் முதல் வேலை நின்றுபோகும்.

இனி அந்தப் பதினொன்றரை மணிக்கு வருகிறேன். அதற்கு மாத்திரையின் கதை தெரியவேண்டும். கதையில் சென்னையும் வருகிறது.

லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி 1817-ல் சின்னப் புத்தகம் எழுதினார். அதில் இருப்பது ஆறே நோயாளிகள், அவர்களிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. நோய்க்கு அவர் பெயரைச் சூட்டிய பாரிஸ் மருத்துவர் சார்கோ, கை நடுங்காமலேயே இந்த நோய் வரலாம் என்பதையும் கவனித்துச் சொன்னார். அதன்பிறகு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மருத்துவர்களால் வர்ணிக்க முடிந்ததே தவிரப் பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை. 1937-ல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர், நம் வேலியோரம் படரும் பூனைக்காலியின் விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். மேல்பட்டால் அரிக்குமே, அதே பூனைக்காலிதான். அந்தப் பொருளுக்கும் இந்த நோய்க்கும் என்ன உறவு என்று அன்றைக்கு உலகில் யாருக்கும் தெரியாது.

இருபது வருஷம் கழித்துக் கதை ஸ்வீடனுக்குப் போகிறது. 1957-ல் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். ரெசர்பின் என்பது சர்ப்பகந்தா வேரில் இருக்கும் பொருள், அந்தக் காலத்தில் ரத்த அழுத்தத்துக்கான மருந்து. முயல்கள் காது தொங்கி, அசைவில்லாமல் உட்கார்ந்துவிட்டன. டோபா ஊசி போட்டதும் கொஞ்ச நேரத்தில் பழையபடி ஓட ஆரம்பித்தன. இந்த வழியில் செய்த ஆராய்ச்சிக்காகக் கார்ல்சனுக்கு 2000-ல் நோபல் பரிசு கிடைத்தது. வியன்னாவில் ஹோர்னிகியெவிச், இறந்துபோன நோயாளிகளின் மூளையில் டோபமைன் வற்றிக்கிடப்பதை 1960-ல் காட்டினார். மறு வருஷம் அவரும் பிர்க்மேயரும் நோயாளிகளுக்கு லெவோடோபா ஊசி போட்டுப் பார்த்தபோது, படுத்த இடத்தில் எழுந்து உட்கார முடியாதவர்கள் எழுந்து நடந்தார்கள். ஊசியின் பலன் சில மணி நேரம்தான் நின்றது. வாய்வழியாகக் கொடுத்து, அளவை மெல்லமெல்லக் கூட்டினால் பலன் நீடிக்கும் என்று 1967-ல் அமெரிக்காவில் கோட்சியாஸ் நிறுவினார். பிறகு அதோடு கார்பிடோபாவைச் சேர்த்தார்கள். மருந்து மூளைக்குப் போவதற்கு முன்பே உடம்பில் வீணாகாமல் அது காக்கிறது, குமட்டலும் குறைகிறது. உங்கள் வீட்டு மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள், இந்த இரண்டு பெயரும் இருக்கும். இத்தனை வருஷம் கழித்தும் இதைவிட நல்ல மருந்து வரவில்லை.

இந்த மருந்துக்கு ஒரு குறை உண்டு, அது ரத்தத்தில் தங்காது. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். நோயின் ஆரம்ப வருஷங்களில் மிச்சமிருக்கும் செல்கள் அதை வாங்கிச் சேமித்து, நிதானமாகச் செலவழிக்கும். அப்போது காலை மாத்திரை மதியம்வரை இழுக்கும். செல்கள் குறையக் குறையச் சேமிப்பு இல்லாமல் போகிறது. மாத்திரை ஏறினால் மனிதர் எழுகிறார், இறங்கினால் உட்கார்ந்துவிடுகிறார். நரம்பு டாக்டர்களும் நோயாளிகளும் இதை 'ஆன்', 'ஆஃப்' என்றே சொல்கிறார்கள். எட்டு மணிக்கு மாத்திரை போடுகிறவர் ஒன்பது மணிக்குப் பேப்பர் எடுக்கப் போகிறார் என்றால் அது ஆன். பதினொன்றரைக்கு எழ முடியவில்லை என்றால் ஆஃப். நீங்கள் வீம்பு என்று நினைத்தது மருந்து இறங்கும் நேரம்.

ஆகவே குளியலை ஒன்பதரைக்கு மாற்றுங்கள். வெளியே போவது, பாங்க் வேலை, நடைப்பயிற்சி எல்லாவற்றையும் ஆன் நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். ஒரு பழைய டைரியில் ஒரு வாரத்துக்குக் குறித்துவையுங்கள்: எத்தனை மணிக்கு மாத்திரை, எத்தனை மணிக்கு உடம்பு இளகியது, எப்போது இறுகியது, எப்போது சாப்பாடு. உடம்பு பாம்பாக நெளிந்து கை கால் தானாக ஆடினால் அதையும் நேரத்தோடு எழுதுங்கள். அது நடுக்கம் இல்லை. பெரும்பாலும் மருந்து உச்சத்தில் இருக்கும்போது வருவது, அதற்கு வைத்தியம் வேறு. டாக்டர் உங்களுக்குத் தரும் பத்து நிமிஷத்தில் 'எப்படி இருக்கார்' என்று கேட்பார், நீங்கள் 'அப்படியேதான் இருக்கார்' என்பீர்கள். அந்த டைரியை நீட்டினால் மாத்திரையைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்கலாமா, துணை மருந்து சேர்க்கலாமா என்று அவரால் அங்கேயே முடிவெடுக்க முடியும்.

மாத்திரையைப் பாலோடு கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நம் வீடுகளில் எல்லா மாத்திரைக்கும் பால்தான். லெவோடோபாவுக்கு மட்டும் அது ஆகாது. குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் போக அது பயன்படுத்தும் அதே வழியில்தான் புரதத்தின் அமினோ அமிலங்களும் போகின்றன. பால், முட்டை, கறி, பருப்பு நிறைந்த சாம்பார், சுண்டல் எல்லாம் வழியை அடைத்துக்கொள்ளும். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் வெறும் தண்ணீரில் கொடுப்பதுதான் பொதுவான முறை. குமட்டினால் ஒரு பிஸ்கட் போதும். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் இரண்டுக்கும் நடுவே நேரம் விடவேண்டும். இதற்காகப் பருப்பையே நிறுத்தி அவரை இளைக்கவைக்காதீர்கள். மலச்சிக்கலைக் கவனியுங்கள், குடல் நகராவிட்டால் மாத்திரையும் வேலை செய்யாது.

பூனைக்காலிச் சூரணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மேலே சொன்ன கதையைப் படித்துவிட்டு இன்னும் பலர் கேட்பார்கள். அதில் இருப்பது அதே மருந்துதான். நாட்டு மருந்துக் கடைப் பொட்டலத்தில் அது எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் அளவு தெரியாமல் மருந்தைக் கூட்டிய கணக்கு. கொடுப்பதானால் நரம்பு டாக்டருக்குத் தெரிந்து கொடுங்கள். ஸ்டெம்செல் ஊசியில் பூரண குணம் என்று விளம்பரம் செய்கிற இடங்களுக்கு மட்டும் நகையை விற்றுப் போகாதீர்கள். முறையாக நடக்கும் ஆராய்ச்சி வேறு, இந்த வியாபாரம் வேறு. மூளைக்குள் மின்கம்பி வைக்கும் அறுவைச் சிகிச்சை உண்மையானது. 1980-களின் இறுதியில் பிரான்சின் கிரெனோபிளில் பெனபித் அதற்கு வழிவகுத்தார். இங்கேயும் செய்கிறார்கள், செலவு லட்சங்களில். மாத்திரைக்கு நன்றாக ஆன் ஆகி, ஆனால் ஏற்ற இறக்கம் தாங்கமுடியாமல் இருப்பவர்களுக்குத்தான் அது பெரும்பாலும் பலன் தரும். நோயை நிறுத்தாது. உங்கள் வீட்டுக்காரருக்கு அந்தக் கட்டம் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சம்பந்தி விஷயம். ஆள் வந்தால் நிமிர்கிறார் என்றால் அந்த அரை மணி நேரத்தை அவர் தன் முழுக் கவனத்தையும் கொட்டி நடத்துகிறார். பரபரப்பில் உடம்பு கொஞ்ச நேரம் ஒத்துழைப்பது இந்த நோயில் நன்றாகத் தெரிந்த சங்கதி. அவர்கள் போனதும் சரிவது அதற்குக் கொடுத்த விலை. உங்கள் முன்னால் நடிக்கவேண்டியதில்லை என்று நினைக்கிற ஒருவர் இருக்கிறார் என்று இதை நீங்கள் வைத்துக்கொள்ளலாம்.

முகத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 'என்னைப் பார்த்துச் சிரிச்சு வருஷக்கணக்காச்சு' என்று எழுதியிருந்தீர்கள். முகத்தசைகளும் தானாக அசைபவைதான். உள்ளே சிரிப்பு வந்தாலும் வெளியே வந்து சேராது. பேரன் ஓடிவந்து மடியில் ஏறும்போது அவர் கற்சிலையாக உட்கார்ந்திருப்பது பாசம் இல்லாததால் அல்ல என்று பேரனுக்கும் யாராவது சொல்லவேண்டும். குரலும் அப்படியே. அவர் காதுக்கு அவர் குரல் சரியான அளவில்தான் கேட்கிறது, அதனால்தான் 'உனக்குக் காது மந்தம்' என்று உங்களையே திட்டுகிறார். எதிர்வீட்டுக்குக் கேட்பது போலப் பேசுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். நினைத்துப் பேசினால் குரல் வரும். இதையே முறையான பயிற்சியாகச் சொல்லித்தரும் பேச்சுப் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள்.

நாங்கள் என்ன பாவம் செய்தோம் என்று கேட்டீர்கள். ஒன்றும் செய்யவில்லை. மல்லிகைப்பூ வாசனை தெரியவில்லை என்று அவர் பத்து வருஷத்துக்கு முன்பே சொன்னதாகவும், தூக்கத்தில் யாரையோ உதைத்துக் கத்தியதால் நீங்கள் கீழே பாய் போட்டுப் படுத்ததாகவும் எழுதியிருந்தீர்கள். தீராத மலச்சிக்கலோடு சேர்த்து இவையெல்லாம் நோய் வெளியே தெரிவதற்குப் பல வருஷம் முன்பே வரக்கூடிய அடையாளங்கள். அப்போதே தெரிந்திருந்தாலும் தடுக்க மருந்து கிடையாது. ஆகவே அந்தக் குற்ற உணர்வை விடுங்கள். மகனுக்கு வருமா என்றால், பெரும்பாலானோருக்கு இது பரம்பரையாக வருவதில்லை. பாராக்குவாட் போன்ற களைக்கொல்லிகளைக் கையாண்டவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. வயலுக்கு மருந்தடிக்கிறவர்கள் கையுறையும் முகமூடியும் இல்லாமல் இறங்குவதை நம் ஊரில் நிறுத்தவேண்டும், அது தனியாக எழுதவேண்டிய விஷயம்.

மருந்துச் சீட்டில் நீங்கள் காவல் காக்கவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. சில மாத்திரைகள் டோபமைனை அடைத்துவிடும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, தலைசுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஃப்ளூனாரிசின், மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால், நெஞ்செரிச்சல் மாத்திரையோடு சேர்ந்தே வரும் லெவோசல்பிரைடு ஆகியவை அந்த வகை. இவற்றைத் தொடர்ந்து சாப்பிட்டு, பார்க்கின்சன்ஸ் இல்லாதவர்களுக்கே அதே போன்ற நடுக்கமும் இறுக்கமும் வருவது உண்டு. இருப்பவருக்குக் கேட்கவே வேண்டாம். தெருமுனை மருந்துக் கடையில் வாயுவுக்கு என்று நீங்களாக எதையும் வாங்காதீர்கள். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரே ஆனாலும், முதல் வாக்கியம் 'இவருக்குப் பார்க்கின்சன்ஸ்' என்பதாக இருக்கட்டும். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் இந்த மாத்திரைகளை உங்கள் வீட்டு நேரப்படியே கொடுக்கச் சொல்லிப் பிடிவாதம் பிடியுங்கள். திடீரென்று நிறுத்தினால் காய்ச்சல் ஏறி உடம்பு விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

சாப்பாட்டில் இன்னொன்று. அவர் தண்ணீரை அண்ணாந்து குடிக்கிறவர் என்றால் அந்தப் பழக்கத்தை இன்றைக்கே நிறுத்துங்கள். தலையைப் பின்னால் சாய்த்தால் மூச்சுக்குழாய் வழி திறந்துகொள்ளும், விழுங்குவது மெதுவாகிவிட்டவருக்குத் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். இந்த நோயாளிகள் பலரைக் கடைசியில் கொண்டுபோவது அப்படி வரும் நிமோனியாதான். வாய் வைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, மடக்கு மடக்காகக் குடிக்கட்டும். எச்சில் பார்க்கிற வீடு என்றால் அவருக்கென்று ஒரு டம்ளர் வைத்துவிடுங்கள். பொரி, அவல், முறுக்கு வேண்டாம். பருக்கையும் தண்ணீருமாக இருக்கும் ரசம் சாதத்தைவிடக் குழைய மசித்த தயிர்சாதம் நல்லது. அது மாத்திரை நேரத்தைத் தாண்டி இருக்கட்டும்.

வெளியே சொல்லக் கூசும் இரண்டு விஷயம். கூடத்தில் யாரோ குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் என்றைக்காவது சொன்னால், மந்திரிக்கக் கூட்டிப்போகாதீர்கள், அவரோடு வாதாடவும் வேண்டாம். நோயாலும் வரும், மருந்தாலும் வரும், டாக்டரால் சரிசெய்யக்கூடியது. இரண்டாவது, பிராமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு ஆசைக்குக் கடிவாளம் அறுந்துபோகும். வாழ்நாள் முழுக்கச் சீட்டைத் தொடாதவர் கைபேசியில் ரம்மி ஆடிப் பணத்தை விடுவார். தேவையில்லாததை வாங்கிக் குவிப்பார். படுக்கையில் மனைவியைத் தொந்தரவு செய்வார். மானம் போகிறது என்று குடும்பங்கள் இதை மறைக்கின்றன. மருந்தை மெல்லக் குறைத்து மாற்றினால் பெரும்பாலும் அடங்கிவிடும் விஷயம் இது. டாக்டரிடம் தனியாகவாவது சொல்லிவிடுங்கள். பார்க்கின்சன் தன் புத்தகத்தில் புலனும் புத்தியும் கெடுவதில்லை என்று எழுதினார். அந்த ஒரு வரி முழு உண்மை இல்லை. மனச்சோர்வு, பதற்றம், பின்னாளில் சிலருக்கு மறதி எல்லாம் இந்த நோயின் பகுதிதான். உங்கள் வீட்டுக்காரர் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பெரியப்பா கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதியவர், முத்து முத்தான கையெழுத்து. நோய் வந்ததும் ஒரு வரியைப் பெரிதாக ஆரம்பித்து எறும்பு ஊர்ந்தது போல முடிப்பார். பென்ஷன் எடுக்கப் போன இடத்தில் கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று பாரத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். கவுண்டரில் இருந்த பையன் மேலும் இரண்டு முறை போடச் சொல்ல, ஒவ்வொரு முறையும் அது இன்னும் சிறுத்தது. பின்னால் நின்ற வரிசை முணுமுணுத்தது. அவர் அதற்குப் பிறகு அந்த வாசலை மிதிக்கவில்லை. நீங்கள் இப்போதே, அவருக்குக் கையெழுத்து வரும்போதே, பாங்க் கணக்கை உங்கள் இருவர் பெயரிலும் எவரேனும் ஒருவர் எடுக்கும்படி மாற்றிவிடுங்கள். வாழ்நாள் சான்றிதழுக்கு ஜீவன் பிரமாண் வழியாக வீட்டிலிருந்தே கைபேசியில் முகத்தைக் காட்டினால் போதும். அது கண்ணை இமைக்கச் சொல்லும், அவருக்கு இமைப்பு குறைவு, நினைத்து இமைக்கச் சொல்லுங்கள். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பார்க்கின்சன்ஸும் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. அரசு மருத்துவமனையில் மதிப்பிட்டு, பாதிப்பு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சலுகைகளுக்கான அட்டை கிடைக்கும். அலைய வைப்பார்கள்தான், ஆனாலும் விண்ணப்பியுங்கள்.

இந்த நோய் குறையாது, கூடும். எவ்வளவு வேகத்தில் என்று எந்த டாக்டராலும் அடித்துச் சொல்லமுடியாது, ஆளுக்கு ஆள் மாறும். பத்து, பதினைந்து, இருபது வருஷம் இதோடு வாழ்கிறவர்கள் நிறையப் பேர். மாத்திரைக்கு அடுத்தபடியாக நல்லது செய்வது உடற்பயிற்சி. அமெரிக்காவின் ஓரிகனில் நடந்து 2012-ல் வெளிவந்த ஆய்வில், தாய்ச்சி பழகியவர்களுக்குச் சமநிலை கூடியது, தசை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட விழுவதும் குறைந்தது. தாய்ச்சிக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். ஆன் நேரத்தில் அகல அகலமாக அடி வைத்து, கையை வேண்டுமென்றே வீசி, தினமும் நடக்கட்டும். பாட்டுப் போட்டுக்கொண்டு நடந்தால் இன்னும் நல்லது. வேட்டி காலில் தட்டும், பேன்ட்டுக்கு மாற்றுங்கள். மிதியடிகளைச் சுருட்டிப் பரணில் போடுங்கள். கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வையுங்கள். எழும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், கட்டில் விளிம்பில் ஒரு நிமிஷம் உட்கார்ந்துவிட்டு எழட்டும். சட்டைப் பொத்தானை அவரே போடட்டும். அவசரத்தில் நீங்கள் போட்டுவிட ஆரம்பித்தால் அந்தக் காரியம் அவர் கையைவிட்டு நிரந்தரமாகப் போய்விடும். கல்யாணத்துக்குக் கிளம்பும் அன்று மட்டும் போட்டுவிடுங்கள், அதில் தப்பில்லை.

கோபம் வருகிறதே, நான் கெட்டவளா என்று கேட்டிருந்தீர்கள். இரவில் நாலு முறை எழுந்து ஒருவரைப் புரட்டிப் படுக்கவைக்கிறவருக்குக் கோபம் வராவிட்டால்தான் ஆச்சரியம். கோபப்படுங்கள், நோயின் மேல். அப்படிக் கோபப்படுவதற்குக்கூட உங்களுக்கு ஓய்வு வேண்டும். கடைசிப் பக்க ஓரத்தில், இடம் போதாமல் பக்கவாட்டில், உங்களைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தீர்கள்: முதுகுவலி, தூக்கமில்லை, பிரஷர் மாத்திரை தீர்ந்து இன்னும் வாங்கவில்லை என்று. நீங்கள் படுத்துவிட்டால் அந்த வீட்டில் இரண்டு நோயாளிகள், பார்க்க ஆள் இல்லை. மகன் ஞாயிற்றுக்கிழமை வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அவரை அப்பாவோடு உட்காரவைத்து, மாத்திரை நேரத்தை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, நீங்கள் போய் உங்களுக்கு பிரஷர் பார்த்துக்கொண்டு வாருங்கள். வரும்போது உங்கள் மாத்திரையையும் வாங்கிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பத்தி எழுத்தாளன்